பால் திறந்தாச்சு

வியாழன், நவம்பர் 6

காலையிலிருந்து தூறல். குடையை மறந்து, ஹம் ஸ்டேஷனில் நனைந்து, ஈரத் தலையோடு வேலை. லோண்டரியில் எல்லாவற்றையும் காயவைக்கிறார்கள், என் தலையைத் தவிர.

இன்றும் நானும் செலாமும் ஒரே மெஷினில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அழுத்தும் அந்த நீள உருளைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே விட வேண்டும். செலாம் எரித்திரியாக்காரி. (இனி செ. என்று எழுதுவேன், கை நோகிறது.) வந்த புதிதில் அவளுக்கு ஆஸ்துமா என்று நினைத்தேன். எதைக் கேட்டாலும் 'ஹ்' என்று மூச்சை உள்ளே இழுப்பாள். அவர்கள் ஊரில் ஓம், சரி என்பதெல்லாம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. என் கதை அதைவிட மோசம். ரெடியா என்று கேட்பாள், நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன், அவள் அதை 'இல்லை' என்று எடுத்து விரிப்பைப் பிடித்தபடியே நிற்பாள். மேற்பார்வையாளர் கத்துவார். இப்போது இருவருக்கும் பழகிவிட்டது.

இன்று அவள் முகம் சரியில்லை. இடைவேளையில் கேட்டேன். நாங்கள் கதைப்பது ஜெர்மன், இரண்டு பேருடையதும் நொண்டி. இங்கே என் தமிழில் எழுதுகிறேன். 'அக்கா' மட்டும் அவளே என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட சொல்.

"அம்மாவோடை கதைச்சுக் கனநாள் அக்கா. காது மெஷினுக்குப் பற்றரி இல்லை. போனை எடுத்து ஹலோ, ஹலோ எண்டுறா. பிறகு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. நான் இருக்கிறன் எண்டு இஞ்சை கத்துறன். கேக்கேல்லை."

சொல்லிவிட்டுக் கோப்பியை ஊதினாள். கோப்பி ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அவள் ஊரில் கூப்பன் கடையில் பாணும் எண்ணெயும், அதுவும் வந்தால். மற்றதெல்லாம் கதவுக்குப் பின்னால். அம்மாவுக்கு முன்பு களவாய்ப் பற்றரி தந்தவர் மணிக்கூடு திருத்துகிறவர். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடாத மணிக்கூடு ஒன்று வைத்திருப்பாராம். முள் நகர்ந்திருந்தால் எல்லை தாண்டிச் சாமான் வந்திருக்கிறது. இப்போது கடைக்குச் சீல். ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு இதெல்லாம் புதினமில்லை. போரில் சாமான் தடைசெய்த காலத்தில் எங்கள் ஊர் ஒழுங்கைக் கடையில் "சவுக்காரம் இருக்கோ?" என்று கேட்டால் இல்லை. "அண்ணை, வெள்ளையாய் ஏதும் கிடக்கோ?" என்றால் இருக்கும்.

கறித்தூள் முடிகிறது. இவருக்குப் பல் டொக்டரிடம் நேரம் குறிக்க, டெர்மின் எடுக்க வேண்டும்.

வெள்ளி, நவம்பர் 7

வெயில்! கொஞ்ச நேரம்தான்.

செ. துள்ளிக்கொண்டு வந்தாள். அவர்களுடைய தேவாலயத்து றாஹேல் அம்மா ஞாயிறு ஊருக்குப் பறக்கிறாவாம், அண்ணன் மகளின் கல்யாணம். அம்மாவுக்குப் பற்றரி கொண்டுபோகச் சம்மதம். ஆனால் பயம். அங்கே விமான நிலையத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். பற்றரி, வயர், போன் கண்டால் யாருக்கு, ஏன், விற்கவோ என்று கேள்வி. அதன் பிறகு சாமான் திரும்பி வராது, சில வேளை ஆளும்தான்.

அப்போது என் வாய் சும்மா இருந்ததா? இல்லை. "பற்றரி கடத்துறது எப்பிடியெண்டு எனக்குச் சொல்லித் தராதை" என்றேன். என் அம்மா தன் கொண்டைக்குள் ரோர்ச் பற்றரி வைத்துக்கொண்டு இரண்டு காவல் தாண்டி வந்தவ. அந்தக் கொண்டையின் மகள் நான்.

செ. கண்ணை விரித்து மூச்சை இழுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனி, நவம்பர் 8

நாள் முழுக்கத் தையல். வெளியே என்ன காலநிலை என்று தெரியாது.

யோசனை இதுதான்: பட்டன் பற்றரியைப் பட்டனாகவே அனுப்புவது. செ. தன் அம்மாவுக்கென்று வாங்கிய நாவல் நிறக் கம்பளிச் சட்டை. முன்னால் மேலிருந்து கீழே ஒரு வரிசை, கையில் ஒரு வரிசை, கழுத்தைச் சுற்றி அலங்காரத்துக்கு இன்னும் ஒன்று. ஒவ்வொரு பற்றரிக்கும் வெல்வெற் துணி சுற்றி, அடியில் நூல் கட்டி, தைத்தேன். பற்றரியில் ஒரு செம்மஞ்சள் ஒட்டுத் தாள், வால் நீட்டிக்கொண்டு. அது துணிக்குள் முட்டியது, வடிவில்லை. எல்லாவற்றையும் உரித்தேன். பிறகு பட்டன்கள் முத்துப்போல வந்தன.

இவர் எட்டிப் பார்த்தார்.

"உமக்கு இந்த வயசிலை கடத்தல் தொழில் தேவையோ?"

"நீங்கள் போய் உங்கடை பல்லைப் பாருங்கோ."

போனவர் திரும்பி வந்து, ஊசிக்கு நூல் கோத்துத் தந்துவிட்டுப் போனார். எனக்கு இப்போது கிட்டப் பார்வை சரியில்லை என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னதில்லை.

ஞாயிறு, நவம்பர் 9

குளிர். தேவாலய வாசலில் றாஹேல் அம்மாவிடம் சட்டையைக் கொடுத்தோம். தடவிப் பார்த்துவிட்டு, "இதை நானே போடலாம் போலை" என்றா. மூன்று பேரும் சிரித்தோம். பட்டனுக்குள் என்ன என்று அங்கே செ.யின் அம்மாவுக்கு மட்டும் காட்டச் சொன்னோம்.

திரும்பும் வழியில் இங்குள்ள ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்துவைத்தேன். பற்றரிக்கு அர்ச்சனை. அம்மனுக்கு இது முதல் தடவையாக இருக்கும்.

திங்கள், நவம்பர் 10

ஐயோ.

இவரின் காலுறையில் ஒரு செம்மஞ்சள் ஒட்டுத் தாள். சிரித்துக்கொண்டு பிடுங்கினேன். பழைய கடதாசி வாளியில் பற்றரி அட்டைகள் கிடந்தன. வெளியே கொண்டுபோக எடுத்தபோது கண் அதில் போனது. பொடி எழுத்து. கண்ணாடி போட்டு வாசித்தேன். 'பாவிக்கும்போது மட்டும் ஒட்டுத் தாளை அகற்றவும்.'

இந்தப் பற்றரி காற்றுக் குடித்து வேலை செய்கிறதாம். ஒட்டுத் தாளை உரித்த கணம் தொடங்கிவிடும். காதில் வைத்தாலும் சரி, பெட்டியில் வைத்தாலும் சரி, சில கிழமைகளில் செத்துவிடும். ஒரு வருடத்துக்குக் காணும் என்று வாங்கியது. எல்லாவற்றையும் நானே என் கையால் உரித்தேன், வடிவுக்காக.

சட்டை இப்போது வானத்தில், அல்லது இறங்கியிருக்கும். றாஹேல் அம்மாவின் ஜெர்மன் போன் அங்கே வேலை செய்யாது.

கொண்டையின் மகளாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

செவ்வாய், நவம்பர் 11

மழை விட்டிருந்தது. வேலை தொடங்க முன்னமே சொன்னேன். சொல்லாமல் இருக்க ஏலாது.

செ. போய் மெஷினைப் போட்டாள். மூச்சையும் இழுக்கவில்லை. நாள் முழுக்க விரிப்பின் அந்தப் பக்கத்தில் ஒரு சுவர் நின்றது. போகும்போது மட்டும், "அம்மா நல்ல சாமானை வைச்சிருக்கிற ஆள். ஒண்டு போட்டுப்போட்டு மற்றதை வருசம் முழுக்க வைச்சிருப்பா" என்றாள்.

அது எனக்குத் தெரியாதா? என் அம்மா கிடைத்த ஒரு வாசனைச் சவுக்காரத்தைச் சேலைக்குள் வைத்து வைத்து, வாசம் போன பிறகுதான் குளித்தவ.

தெருவில் பிள்ளைகள் புனித மார்ட்டின் திருநாள் விளக்குகளோடு பாடிக்கொண்டு போனார்கள். யன்னலை மூடினேன்.

புதன், நவம்பர் 12

செ. இன்று பேசினாள்! கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதைவிட யோசனை கூட. போனில் நேரே சொல்ல முடியாது, அந்த லைனில் எப்போதும் மூன்றாவது காது ஒன்று இருக்கும் என்பாள். ஆகவே மறைத்துச் சொல்ல வேண்டும். கழிவறைப் பக்கம் நின்று ஊரிலிருக்கும் தங்கை சாபாவுக்கு எடுத்தாள், எனக்கு இடைக்கிடை ஜெர்மனில் சொல்லிச் சொல்லி. சட்டை வந்துசேர்ந்துவிட்டது.

"பால் திறந்தாச்சு எண்டு அம்மாட்டைச் சொல்லு. வைச்சிருக்க வேண்டாமாம்."

சாபா: "எந்தப் பால்? இஞ்சை பாலே இல்லை."

"றாஹேல் கொண்டுவந்த பால்!"

"அவ பால் கொண்டுவரேல்லையே. சட்டை கொண்டுவந்தவ. நல்ல வடிவு. அம்மா நத்தாருக்குப் போட எண்டு பெட்டிக்குள்ளை வைச்சிட்டா."

லைன் அறுந்தது. அவர்களுடைய நத்தார், யேசு பிறந்த நாள், ஜனவரியில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். செ. முதலில் சிரித்தாள். பிறகு நான். பிறகு அவள் என் தோளில் முகத்தை வைத்துவிட்டாள். லோண்டரிப் பவுடர் வாசம், அவள் தலையில் எண்ணெய் வாசம். "அக்கா, நீ ஒரு மடைச்சி" என்றாள். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஞாயிறு, நவம்பர் 16

மூன்று நாள் லைன் கிடைக்கவில்லை, எழுதவும் மனமில்லை. இன்று செ. எங்கள் வீட்டில். இடியப்பமும் சொதியும். அவளுக்குச் சொதி பிடிக்கும், கரண்டியால் குடிப்பாள்.

குசினி மேசையில் இருந்துகொண்டு ஊருக்குப் போன் எடுத்தாள். அங்கே கோயில் முடிந்து வந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா ஒரே ஒரு பட்டனை அவிழ்த்துக் காதில் போட்டிருக்கிறா. 'ஹலோ' என்றா. செ. சும்மா, மெதுவாக, கத்தாமல், அம்மா என்றாள். அந்தப் பக்கம் அழுகை, இங்கே கேட்கும் அளவுக்கு.

நான் துள்ளிப்போய் முன்னறையில் இவரிடம் சொன்னேன்: "அம்மா கேக்கிறா! அம்மா கேக்கிறா!"

"என்ன கேக்கிறா? காசோ?"

"ஐயோ, காதாலை கேக்கிறா!"

திரும்பி ஓடிவந்தேன். செ. சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சொல்லாக: பால் எல்லாம் திறந்தாச்சு அம்மா. மூடி இல்லை. வைச்சிருந்தால் கெட்டுப்போகும். நத்தார் வரைக்கும் நில்லாது.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு போனுக்குள்ளிருந்து அது வந்தது. 'ஹ்.'

விளங்கிவிட்டது. ஒரு சொல்லும் சொல்லாமல் ஓம் என்றுவிட்டா. ஒரு மூச்சுக்காக யாரையும் விசாரிக்க முடியாதே. செ. என் கையை நசுக்கிவிட்டாள்.

புதன், நவம்பர் 19

முதல் பனி. ரோட்டில் தங்கவில்லை.

இப்போது தினமும் எடுக்கிறாள். நேற்று சாபா சொன்ன கதை: அம்மா பட்டன்களை எல்லாம் அவிழ்த்து, தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டா. காது மெஷினைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கிழடுகளின் கதவெல்லாம் தட்டியிருக்கிறா. பழைய வாத்தியார் ஒருவர், மூலை வீட்டுத் தையல்காரி, மணிக்கூட்டுக்காரரின் தாய். வைத்து விற்றிருந்தால் நல்ல விலை போகும் சாமான். விலை வாங்கவில்லை. கெட்டுப்போகிற பாலை யார் விற்பார்கள் என்றாவாம். ஆனாலும் தையல்காரி மா கொடுத்தாளாம், வாத்தியார் பழைய றேடியோவைத் தூசி தட்டி யன்னலில் வைத்தாராம். மணிக்கூட்டுக்காரரின் தாய் மட்டும் வாசலிலேயே இருக்கிறாவாம், மகன் வரும் சத்தம் கேட்கும் என்று.

வடிவுக்காக உரித்தேன். அங்கே ஒரு தெருவுக்கு, கொஞ்ச நாளைக்கு, கேட்கிறது. அடுத்த தடவை ஒட்டோடு அனுப்புவோம், என்ன வடிவு வேண்டிக் கிடக்கிறது.

இவருக்குப் பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

சனி, நவம்பர் 22

வெயில், நல்ல குளிர். செ. வந்தாள். பற்றரிகள் தளரத் தொடங்கிவிட்டன, அம்மாவின் காதில் குரல் தூரப் போகிறதாம். ஆகவே கதைக்க வேண்டியதை எல்லாம் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்: யார் யாரைக் கட்டினார்கள், மாவை எத்தனை நாள் புளிக்க விடுவது, செ. ஏன் இன்னும் மெலிவு.

இன்று கடைசியில் போனை என் காதில் வைத்தாள். "சட்டை தைச்ச அக்காவோடை கதைக்க வேணுமாம்."

நினைத்ததைவிடத் தடித்த குரல். ஏதோ ஒரு கேள்வி, ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. செ.யைப் பார்த்தேன்.

"உனக்குக் கேக்குதோ எண்டு அம்மா கேக்கிறா."

நான் தலையை ஆட்டினேன், இரண்டு பக்கமும், நன்றாக. அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தது. திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும் ஆட்டினேன். செ. சிரித்துக்கொண்டு என் கன்னத்தைப் பிடித்துத் தலையை நிறுத்தினாள்.

மூச்சை உள்ளே இழுத்தேன்.