அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு மணலைக் கொட்டினோம்

என் பிரியத்துக்குரிய ஹமீது மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்களை மன்னித்துவிட்டார்கள். நீங்கள் வரைந்து கொடுத்த நம் கேட்டி ஊர் ஜமாஅத் ஹாலிலேயே, டைனிங் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைக் பிடித்து மன்னித்தார்கள். "மர்ஹூம் ஹமீது பாய் டிசைன்ல ஒரு சின்ன மிஸ்டேக் பண்ணிட்டாங்க. இன்ஜினியரும் மனுஷன்தானே? மௌத்தாயிட்டவங்க மேல குறை சொல்லக் கூடாது. மனசார மன்னிச்சு துஆ செய்வோம்" என்றார் தலைவர் ஜமால் பாய். எல்லோரும் கையேந்தினார்கள். ஆமீன் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன்.

என்ன தைரியம் மச்சான் இவர்களுக்கு! செய்ததையும் செய்துவிட்டு, கபருக்குள் இருக்கிற மனிதர்மேல் பழியைப் போட்டுவிட்டு, அதற்கு மன்னிப்பு வேறா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் அந்தக் கூட்டத்தின் மினிட்ஸை நான்தான் எழுதவேண்டும். "டிசைன் ஃபால்ட்னு ஒரு வரி போட்டுடுங்க நவாஸ், அடுத்த ஞாயிறு எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்" என்று ஜமால் பாய் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை எழுத மாட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதி, நம் ஜமாஅத்தின் மின்னஞ்சல் குழுவுக்கே அனுப்புகிறேன். படிக்கட்டும், ஒருவர் விடாமல் படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். ஐ-டென் ஃப்ரீவேயை இன்னும் அகலப்படுத்தி முடிக்கவில்லை. ஹாலைத் திறந்து ஒன்றரை வருஷமாகிறது. முதல் ஆறு மாதம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் டைனிங் தரை நடுவில் பூரி மாதிரி உப்ப ஆரம்பித்தது. கிச்சன் கதவைத் தோளால் முட்டித்தான் திறக்கவேண்டும். சுவரில் என் சுண்டுவிரல் போகிற அளவு விரிசல். போன ரமலானில் நோன்புக் கஞ்சிச் சட்டி அடுப்பில் சாய்ந்தே நின்றது. ஒரு பக்கம் வழிகிறது, இன்னொரு பக்கம் நாலு விரற்கடை காலி. பெண்கள் அடுப்புக் காலுக்கு அடியில் நியூஸ்பேப்பரை மடித்து வைத்துச் சமாளித்தார்கள்.

ஆனால் தொழுகை நடக்கிற பெரிய ஹால் இருக்கிறதே, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. ஒரே டிராயிங், ஒரே காண்ட்ராக்டர், ஒரே களிமண். ஒரு பாதி ஏன் நிற்கிறது, மறு பாதி ஏன் உப்புகிறது என்று இத்தனை படித்தவர்களில் ஒருவர் வாயைத் திறந்து கேட்டாரா? கேட்கவில்லை. பதில் தெரிந்தவர்கள் பாதிப் பேர்.

போன மாதம் வெளியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து டைனிங் தரையில் துளை போட்டுப் பார்த்தார். உங்கள் கணக்குப்படி தளத்துக்குக் கீழே அரை அடி வெற்றிடம் இருக்கவேண்டும். வெளியே வந்தது ஈர மணல். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "ஹூ புட் சாண்ட் ஹியர்?" என்றார். ஜமால் பாய் என்னை முந்திக்கொண்டு, "நோ ஐடியா" என்றார். ரிப்போர்ட் வந்தது. அது இப்போது அவருடைய மேஜை டிராயரில் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

குழுவில் இருக்கிற புதிய ஆட்களுக்காக அந்த மணல் விழுந்த சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். மச்சான், நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க் களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதனால் நீங்கள் கட்டடத்தின் பாரத்தை ஆழத்தில் இறங்குகிற கான்கிரீட் தூண்களின்மேல் நிறுத்தினீர்கள். தரை மண்ணைத் தொடவே கூடாது. நடுவில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் கான்கிரீட் ஊற்றவேண்டும். கான்கிரீட் இறுகுகிற வரைதான் பெட்டிக்கு வேலை. பிறகு அது ஊறி மக்கிப்போகும், அந்த இடம் காலியாகும், மண் ஊதினால் அங்கே ஊதிக்கொள்ளும். பெரிய ஹாலுக்கு நீங்களே நின்று இதைச் செய்து முடித்தீர்கள். அது வாரநாள். நம் ஆட்கள் யாரும் வந்து பார்க்கவில்லை. டைனிங் பக்கத்துக்குப் பெட்டி அடுக்கி முடித்த கையோடு உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை பைபாஸ். அதே செவ்வாய்க்கிழமை இங்கே கான்கிரீட்.

சனிக்கிழமை வாலன்டியர்கள் வந்தார்கள். ஜமால் பாயின் மாமனார் காதர் அங்கிளும் வந்தார். ஊரில் நாலு வீடு கட்டியவர், விசிட்டுக்கு வந்திருந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் மனிதர் தலையில் கை வைத்துவிட்டார். "என்னப்பா இது அநியாயமா இருக்கு? அட்டைப்பெட்டி மேல எவனாவது கட்டடம் கட்டுவானா? வெள்ளைக்காரன் உங்களை நல்லா ஏமாத்துறான்! பேஸ்மட்டத்துல மணலைக் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்குனாத்தான்யா தரை நிக்கும்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த மண் வேறு. கோபம் சுற்றி நின்று தலையாட்டியவர்கள் மேல்தான். ஆயில் கம்பெனியில் குழாய் டிசைன் பண்ணுகிறவர், சாஃப்ட்வேரில் ஒரு புள்ளி தப்பினால் ராத்தூக்கம் போகிறவர், டாக்டரேட் வாங்கினவர் இரண்டு பேர். ஒருவருக்காவது டிராயிங்கைப் பிரித்துப் பார்ப்போம் என்று தோன்றியதா? "ஹமீது பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. "ஹாஸ்பிடல்ல இருக்கிறவங்களைப் போய் டிஸ்டர்ப் பண்ணவா? அப்புறம் சொல்லிக்கலாம், சந்தோஷம்தான் படுவாங்க" என்றார் ஜமால் பாய். ஒருவர் போய் மணல் சொல்லிவிட்டு வந்தார். பிடுங்கிய பெட்டிகளை ஓரமாகக் குவித்து, அதன்மேலேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். மத்தியானம் முழுக்க ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எந்த மண்ணுக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்று நீங்கள் பாடுபட்டீர்களோ, அந்த மண்ணுக்கு. மரக்கட்டையில் கைப்பிடி அடித்துத் திமிசுகூடச் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காண்ட்ராக்டர் திகைத்துப்போய், உங்கள் இன்ஜினியருக்கு இது தெரியுமா என்று கேட்டான். "யெஸ், யெஸ், ஹி நோஸ்" என்றார் நம் தலைவர்.

சாப்பிட்டார்கள், தண்ணீர் விட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறேன் பாருங்கள். என் புத்தியும் ஜமால் பாய் புத்திதான். சாப்பிட்டோம் மச்சான். விட்டோம். முதல் தள்ளுவண்டி மணலைக் கொட்டியவன் நான். ஃபோட்டோ இருக்கிறது. வண்டிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, புலி வேட்டையாடியவன் மாதிரி சிரிக்கிறேன்.

எனக்கு உங்கள் மேலும் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். கமிட்டியில் யார் என்ன கேட்டாலும், "டிராயிங்ல இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பீர்களே, அந்தப் பழக்கம் எங்கே கொண்டுவந்து விட்டது பார்த்தீர்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இந்தப் பெட்டி மக்கறதுக்குத்தான்யா வைக்கிறேன்" என்று தமிழில் சொல்லியிருந்தால் என்ன? சல்லிக்காசு வாங்காமல் அல்லாஹ்வுக்காக வரைந்து, இன்ஜினியர் முத்திரையும் போட்டுக் கொடுத்த மனிதருக்கு, ஒரு நிமிஷம் உட்கார்ந்து பேச மட்டும் பொறுமை இல்லாமல் போனதே!

சரி, இதெல்லாம் அடுத்தவர் கணக்கு. என் கணக்குக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் கூடப்பிறந்த லாத்தா, அவள் மாப்பிள்ளை நீங்கள், நான். உங்கள் கையில் ஊசி, மூக்கில் குழாய். பார்த்ததும் கேட்டது என்ன? "நவாஸ், பெட்டியெல்லாம் அப்படியே இருக்கா? மழை கிழை நனைக்கலையே?" என்றுதான் கேட்டீர்கள். டென்ஷன் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு சரியில்லாதவரிடம் நல்ல செய்தி மட்டும்தானே சொல்லுவோம் நாம்? நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? "எல்லாம் பர்ஃபெக்டா இருக்கு மச்சான், நீங்க கவலைப்படாம இருங்க" என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

நீங்கள் ஒரு ஃபோன் போட்டால் போதும், காண்ட்ராக்டர் வேலையை நிறுத்தியிருப்பான். மணலை அள்ள ஒரு நாள் ஆகியிருக்கும். நான் உண்மையைச் சொல்லி, உங்களுக்கு அங்கேயே ஏதாவது ஆகியிருந்தால்? தெரியவில்லை மச்சான், இன்றுவரை தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் நெஞ்சைத் திறந்தார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் ஜனாஸாவுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது கான்கிரீட் இறுகிவிட்டது.

அதற்கப்புறம் நான் பேசாமல் இருந்தேன். முதல் விரிசலைப் பார்த்தபோதும், "டிசைன்" என்ற வார்த்தை வாய்க்கு வாய் பரவியபோதும். லாத்தா ஹாலுக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு ஆன்ட்டி அவளிடம், "பாவம், அவருக்கும் வயசாயிடுச்சில்ல, கவனம் சிதறியிருக்கும்" என்று ஆறுதல் சொன்னாளாம். அதைக் கேட்டுவிட்டும் பேசாமல்தான் இருந்தேன்.

உங்கள் மகள் ரிஹானாவால்தான் இந்த வாய் திறந்தது. காலேஜில் சிவில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், உங்களுக்குத்தான் தெரியாது. மன்னிப்புக் கூட்டம் நடந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் உங்கள் டிராயிங் சுருள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, டெல் மீ த ட்ரூத். டிட் வாப்பா மெஸ் அப்?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

சுருளைப் பிரித்து டைனிங் டேபிளில் விரித்தாள். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாள். விரல் நேராகத் தரைக்கு அடியில் நீங்கள் வெற்றிடம் காட்டியிருந்த இடத்துக்குப் போனது. "இட் சேஸ் வாய்ட். க்ளியரா இருக்கு. தென் ஹூ புட் த சாண்ட்?"

இரண்டாம் வருஷப் பிள்ளை பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்ததை முப்பது குடும்பம் சேர்ந்து மறைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமையைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். "ஸோ ஹி ஆஸ்க்டு யூ" என்றாள். அவ்வளவுதான். சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே லாத்தாவிடம் போனேன். மகள் வாயால் அவள் கேட்கக்கூடாது என்று முந்திக்கொண்டு போனேன். எல்லாம் கேட்டாள். என்னைத் திட்டுவாள், என் முகத்தில் முழிக்காதே என்பாள், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நீ எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனியே, அதுக்கப்புறம் அவங்க அப்படி ஒரு தூக்கம் தூங்குனாங்கடா" என்றாள். "நிம்மதியாத்தான் போனாங்கன்னு அந்தத் தூக்கத்தை நெனச்சு நெனச்சுத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன். இப்ப அதையும் எடுத்துட்டியே நவாஸ்."

நீங்கள் இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஜமால் பாய், நீங்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். டிராயரில் இருக்கிற ரிப்போர்ட்டை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.

மச்சான், உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு அதே மைக்கில், டிசைனில் தவறில்லை, மணல் கொட்டியது நாங்கள் என்று சொல்லுவேன். யார் யார் என்று பெயர் சொல்லுவேன், முதல் பெயர் என்னுடையது. மினிட்ஸில் அது ஏறாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உங்களிடம் பொய் சொன்னதையும் சொல்லுவேன். தமிழில் சொல்லிவிட்டு, இங்கிலீஷிலும் சொல்லுவேன், பிள்ளைகளுக்கும் புரியவேண்டும். ரிஹானா வருகிறாளாம். "மாமா, நீங்க சொல்லலைன்னா நான் எழுந்து சொல்லுவேன்" என்று எனக்கு ஒரே வரியில் ஈமெயில் போட்டிருக்கிறாள். வாப்பாவுக்காகப் பேசவேண்டிய வேலையை அந்தப் பிள்ளைக்கு வைக்கமாட்டேன்.

நீங்கள் கேட்டபோது உண்மையைச் சொல்லாத,
உங்கள் மச்சினன்
நவாஸ்