வருமான வரி மசோதாவும் முகுந்தின் வகுப்பும்

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 10, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

தீக்ஷா நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே அம்மா, தம்பி முகுந்த், நான் மூவரும் சௌக்கியம். ரிச்சர்ட்சனில் உங்கள் அபார்ட்மெண்ட் ஹீட்டரைச் சரி செய்துவிட்டார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் டெக்சஸ் போய் ஒன்பது வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் அம்மாவும் பேசி முடிக்கும்போது என் முறைக்கு இரண்டு நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதனால் இனிமேல் எழுதப் போகிறேன். தமிழை விட்டுவிடாதே என்று நீங்கள் சொன்னதற்கும் இது சரியாக இருக்கும். தப்பு இருந்தால் சிவப்பு மசியில் திருத்தி அனுப்புங்கள்.

ஒரு செய்தி. எங்கள் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் சொல்லித்தரும் மிஸஸ் டோனெல்லி, மே மாதம் மாதிரிச் சட்டசபை நடத்துகிறார். இருபத்துநாலு பேரும் உறுப்பினர்கள். யார் எந்த மசோதாவைக் கொண்டுவருவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு வந்தது உங்களுக்குப் பிடித்த விஷயம். "மாநில வருமான வரியை அடியோடு எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதில் விற்பனை வரியைக் கூட்ட வேண்டும். அப்படியும் போதாததற்கு அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டும்." இதற்கு ஆதரவாக நான்தான் பேச வேண்டும்.

நீங்கள் ஒவ்வொரு வாரமும் போனில், "இங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாது ருக்கு, சம்பளச் சீட்டைப் பாத்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்வீர்கள். அதற்கு அம்மா, "அப்ப ஸ்கூலுக்கெல்லாம் யார் பணம் குடுக்கறா?" என்று கேட்பாள். வீட்டு வரி, விற்பனை வரி என்று நீங்கள் விளக்குவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கும் கேட்கும். ஆனால் மிஸஸ் டோனெல்லிக்கு அது போதாது, ஆதாரம் வேண்டும். ஆகையால் நீங்கள் கடையில் வாங்கும் பொருள்களின் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்பி வையுங்கள்.

முகுந்த் வழக்கம்போல் இருக்கிறான். காலையில் சின்ன பஸ் வந்து கூட்டிப் போகிறது. பெரிய பஸ்ஸில் இடமில்லையாம். பள்ளியிலேயே அவனுக்கு டியூஷன் நடக்கிறது. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு மட்டும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். நீங்களும் ஐந்து வயது வரை பேசவில்லை என்று போன வாரம் சொன்னீர்கள். அவனுக்கு ஜனவரியில் ஆறு முடிந்துவிட்டது அப்பா.

ஜூன் கடைசியில் நாங்கள் அங்கே வந்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதை அம்மாவிடம் ஞாபகப்படுத்தினேன். சேனாபதி அங்கிள் சாமான் கட்ட ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அட்டைப் பெட்டிகள் ஹாலில் மடித்தபடியே நிற்கின்றன.

உங்கள் ஆசியை வேண்டும்,
தீக்ஷா


எடிசன்
ஏப்ரல் 14, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

அநேக நமஸ்காரம். ரசீதுகள் பதினொன்றும் வந்து சேர்ந்தன. தமிழ்ப் புத்தாண்டுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட சட்டைக்கு எட்டேகால் சதவீதம் வரி போட்டிருக்கிறார்களே. எங்கள் ஊரில் துணிக்கு வரியே கிடையாது. அரிசி, பருப்பு, பாலுக்கு இரண்டு இடத்திலும் இல்லை. இதை ஒரு பெரிய அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் நாலு வீட்டில் போய்க் கருத்துக் கேட்டேன். சேனாபதி அங்கிள் நான் முடிப்பதற்குள்ளேயே, "பிரமாதம், இதை உடனே பாஸ் பண்ணச் சொல்லு. நாம என்னத்த வாங்கறோம்? அரிசி, பருப்பு, தயிர். அதுக்கு டாக்ஸ் இல்ல. மிச்சம் பேங்க்ல போடறோம், பாதி ஊருக்கு அனுப்பறோம். நம்மகிட்ட ஒரு பைசா வசூல் பண்ண முடியாது" என்றார். உள்ளேயிருந்து ஜலஜா ஆன்ட்டி, "ஆமா, அந்த டி.வி. கதையையும் சொல்லுங்கோ குழந்தைகிட்ட" என்றாள். விற்பனை வரி இல்லையென்று டெலவேர் வரை காரை ஓட்டிப் போய் அங்கிள் டி.வி. வாங்கினாராம். மிச்சமானது இருபத்துநாலு டாலர். டோல், பெட்ரோல், வழியில் பீட்சா, திரும்பும்போது ஸ்பீடிங் டிக்கெட். "அந்த டிக்கெட் ஒண்ணுதான் கணக்குல உதைக்கறது" என்று அங்கிள் ஒப்புக்கொண்டார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எனக்கு எதிர்க்கட்சியாக இருக்கும் கேட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா வாங்கும் சம்பளம் மாதக் கடைசிக்குள் செலவாகிவிடுமாம், பேங்க்கில் போட ஒன்றும் இருக்காதாம். "அப்படியென்றால் உங்கள் அங்கிளைவிட என் அம்மாவின் சம்பளத்தில்தான் பெரிய பங்கு வரியாகப் போகும்" என்றாள். அது நல்ல வாதம். அதற்குப் பதிலாக மருந்துக்கும் குழந்தைகள் சாமான்களுக்கும் விலக்கு கொடுத்து என் மசோதாவைத் திருத்தினேன்.

இப்போது செலவைக் குறைக்கும் வேலை. மிஸஸ் டோனெல்லி வரிக்கு ஒரு செலவாக நாற்பது வரியில் ஒரு கற்பனை பட்ஜெட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வருமான வரி போனதால் விழும் பள்ளத்தை நான் அதற்குள்ளேயே நிரப்ப வேண்டும். முதலில் நூலகத்தின் வெள்ளிக்கிழமை மாலை நேரத்தை வெட்டினேன். நான் போகும் நேரம் அது. மற்றவர்களுடையதை மட்டும் வெட்டினால் நியாயமாக இருக்காது என்று தோன்றியது. பூங்கா, சாலையோர விளக்கு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தும் பள்ளம் மூடவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத் தலைப்பின் கீழ் "சிறப்புக் கல்விச் சேவைகள்" என்று ஒரு பெரிய தொகை கண்ணில் பட்டது. சாதாரணக் கல்விக்குத் தனியாகத்தான் பணம் இருக்கிறதே என்று அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது. மிஸஸ் டோனெல்லி அதைப் பார்த்துவிட்டு, "அந்த வரியைப் பற்றிப் படித்தாயா?" என்று கேட்டார். இல்லை, ஆனால் கூட்டல் சரியாக இருக்கிறது என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

விவாதம் மே இரண்டாம் தேதி. ஒரு விதி உண்டு. நான் வெட்டிய ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது எதிர்க்கட்சி எழுந்து, "இதனால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். நான் ஓர் ஆளையாவது சொல்ல வேண்டும். நூலகத்துக்கு என் பெயரையே சொல்லப் போகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் வீட்டு புரோக்கரோடு பார்த்த நாலு பெட்ரூம் வீட்டின் போட்டோவை அலமாரியில் வைத்திருக்கிறாள். சமையலறை பெரிதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

உங்கள் மகள்,
தீக்ஷா


எடிசன்
மே 5, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். இந்தக் கடிதம் நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. தயவுசெய்து ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து படியுங்கள்.

என் மசோதா பதின்மூன்றுக்குப் பதினொன்று என்ற கணக்கில் வென்றது. அந்தப் பதினொன்றில் ஒரு ஓட்டு என்னுடையது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நூலகம், பூங்கா, விளக்கு வரை நன்றாகப் போயிற்று. சிறப்புக் கல்வியை வாசித்ததும் கேட்டி எழுந்து, யாருக்கு நஷ்டம் என்று கேட்டாள். எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்றேன். அவள் மெதுவாக, "உனக்குத் தெரியும். உன் தம்பி அந்த வகுப்பில்தான் இருக்கிறான். என் அம்மா அங்கே உதவியாளர். தினமும் அவனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிறார்" என்றாள். அவள் என்னை மட்டம் தட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. நான் தெரிந்தே மறைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

நான், "இல்லை, அவன் டியூஷனுக்குத்தான் போகிறான்" என்றேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸஸ் டோனெல்லி அடுத்த வரிக்குப் போகச் சொன்னார். நான் வாசித்து முடித்தேன். ஓட்டெடுப்பில் என் மசோதாவுக்கு எதிராகக் கையைத் தூக்கினேன். அதற்கு விதியில் தடையில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினாள். இரண்டு வருடத்துக் காகிதங்கள். டாக்டர் பரிசோதனை, பள்ளிக்கூடத்தின் திட்டம், எல்லாவற்றிலும் முகுந்தின் முழுப் பெயர். சின்ன பஸ் எதற்கென்றும் சொன்னாள். டியூஷன் என்று முதலில் சொன்னது நீங்கள்தானாம். சேனாபதி அங்கிள் வீட்டுக் கொலுவில், "பையன் ஏன் தனி பஸ்ல போறான்?" என்று யாரோ கேட்டபோது, "டியூஷன் வச்சிருக்கோம்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். அதற்கப்புறம் அம்மாவும் எல்லோரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்றாம். என்னிடமும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நானும் அதையே சொன்னேனே.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் முகுந்தின் பள்ளியில் மிஸ் ரூத்தின் அறைக்குப் போனேன். அவர்தான் அவனுடைய ஆசிரியை. அந்த வகுப்பில் மொத்தம் ஐந்து குழந்தைகள், ஆசிரியை ஒருவர், உதவிக்குக் கேட்டியின் அம்மா. முகுந்தின் மேஜையில் படம் ஒட்டிய அட்டைகள் இருக்கின்றன. அவனுக்கு என்ன வேண்டுமோ அந்த அட்டையை எடுத்து நீட்ட வேண்டும், கூடவே வார்த்தையையும் சொல்லிப் பார்க்க வேண்டும். போன செப்டம்பரில் மூன்று அட்டை, இப்போது நாற்பத்தாறு. தயிர்சாதத்துக்கு அட்டை இல்லையென்று மிஸ் ரூத்தே ஒன்று வரைந்திருக்கிறார். பார்த்தால் மேகம் மாதிரி இருக்கிறது. அவனுக்குப் புரிகிறது.

டெக்சஸில் இந்த மாதிரி வகுப்பு உண்டா என்று அவரிடம் கேட்டேன். நிச்சயம் உண்டு, எந்த மாநிலமானாலும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றார். "ஆனால் பிள்ளைக்கு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே எழுதிய திட்டத்தை அங்கே கொடுத்தால் உடனே வேலையை ஆரம்பிப்பார்கள். கொடுக்காவிட்டால் முப்பது பேர் உள்ள வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, கவனிக்க ஒரு வருடம்கூட ஆகலாம்" என்றார்.

நீங்கள் போன வாரம் கையெழுத்துக்காக அனுப்பிய ரிச்சர்ட்சன் பள்ளிப் படிவத்தை அன்று மாலை படித்தேன். முகுந்தின் பக்கத்தில், "சிறப்புக் கல்விச் சேவை எதுவும் பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். உங்கள் நீல மசி. புது ஊர், யாருக்கும் தெரியாது, எல்லாரையும் போல அவனும் தொடங்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நான் அம்மாவிடம், "இதுக்குத்தான் பெட்டியைப் பிரிக்கலையா?" என்று கேட்டேன். "நான் டெக்சஸுக்கு வரமாட்டேன்னு எப்பவாவது சொன்னேனாடி? இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்றாள். அப்புறம் போய்க் குக்கரைத் தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்த குக்கரை.

நீங்கள் போனில், அம்மாவுக்கு எடிசனையும் கடைத்தெருவையும் விட மனசில்லை என்று சொல்கிறீர்கள். அது தப்பு அப்பா. அவளுக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது. அந்தக் கட்டம்தான் பிடிக்கவில்லை. இதை அவளே உங்களிடம் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமல் இருக்கிறாள்.

என் மசோதாவில் நான் தப்பாகக் கூட்டவில்லை. இப்போதும் ஒவ்வொரு எண்ணும் சரி. வருமான வரி இல்லாத ஊரில் நாம் மிச்சம் பிடிக்கலாம் என்று நீங்கள் போட்ட கணக்கும் சரியாகத்தான் இருக்கும். பட்ஜெட்டின் அந்த ஒரு வரியில் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ரிச்சர்ட்சன் பள்ளி ஆபீஸில் புதிதாக ஒரு படிவம் வாங்குங்கள். நீங்களே நேரில் போய், என் பையனுக்குச் சிறப்புக் கல்வி வேண்டும், அவன் பெயர் முகுந்த் வாஞ்சிநாதன் என்று சொல்லுங்கள். அம்மா எழுதினால் போதாதா என்று யோசித்தேன். போதாது. அம்மா இரண்டு வருடமாகத் தனியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஃபைலில் எந்தக் காகிதத்திலும் உங்கள் கையெழுத்து இல்லை. திட்டத்தின் நகல் இந்தக் கவரிலேயே இருக்கிறது. மிஸ் ரூத்திடம் சொன்னேன், அவர் அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் பிரதி எடுத்துத் தந்தார். பதினாலு பக்கம். ஆங்கிலம் எளிதாகத்தான் இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் அவனால் என்னென்ன முடியும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நேரமில்லையென்றால் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா? தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெளியில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்கிறாள்.

எனக்கும் முகுந்துக்கும் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். அவனுக்காகவும் நானே கேட்கிறேன். அவன் தானாகக் கேட்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உங்கள் பிரியமுள்ள மகள்,
தீக்ஷா