கொடி இறங்கிய மறுநாள்

பிப்ரவரி, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஒன்பதாம் வகுப்பு இந்தித் தாள் பாதிதான் திருத்தினேன். பள்ளியில் தலைவலி என்று பொய். ராணுவ ஜீப் வந்து கடலோர முகாமுக்கு அழைத்துப் போனது. மொழிபெயர்ப்புக்குப் போவது மூன்றாவது முறை. இதுவரை எல்லாம் அறிவிப்பு, நோட்டீஸ். இன்று ஒலிப்பதிவு. மீனவர்கள் வயர்லெஸ்ஸில் பேசியது.

"கொடி இறங்கட்டும்லே. மறுநாள் விடிய எல்லாரும் கெளம்பிரணும். பெருசை வளைச்சுப் போட்டுருவோம். ஒண்ணும் தப்பிரக் கூடாது."

மேஜர் வடக்கத்திக்காரர், மரியாதையானவர். கணினி இந்தியில் மொழிபெயர்த்ததைக் காட்டினார்: கொடி வீழ்ந்ததும் பெரிய ஆளைச் சூழ்ந்து கொல்வோம், எவரும் தப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு பெரியவர் அந்தக் கடல் பகுதியைப் பார்க்க வருகிறாராம்.

"சொல்லில் தவறு இருக்கிறதா, டீச்சர்?" இந்தியில் கேட்டார்.

சொல்லில் தவறு இல்லை. அதுதான் பயம்.

புதன்

வாங்க வேண்டியது: பால், அத்தைக்கு மாத்திரை. மாத்திரையை மறந்துவிட்டேன்.

பேருந்து நிலையச் சுவரில் கடற்கரை மாதா கோயில் ஒன்றின் திருவிழாச் சுவரொட்டி. வியாழன் மாலை கொடியிறக்கம். அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் சபையில் கொடியேற்றும் வழக்கம் இல்லை. அதனால் தோன்றவே இல்லை. திருவிழா முடிந்தபிறகு கடலுக்குப் போவதைத்தான் பேசியிருக்கிறார்கள்.

மேஜருக்குப் போன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அந்தப் 'பெருசு' யார்?"

தெரியவில்லை. மீனாக இருக்கலாம். நான் மீன் என்று சொல்லி, அது ஆளாக இருந்துவிட்டால்?

வெள்ளி காலை படகில் கூட வரச் சொன்னார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "ஏன் மொகம் வெளிறிக் கெடக்கு? பள்ளிக்கூடத்துல எதும் பிரச்சனையா?" என்றார். பேப்பர் திருத்தின அசதி என்றேன்.

வெள்ளி

இன்று எழுத்து கோணல்.

விடிந்ததும் ரோந்துப் படகில். கடுங்காற்று. இரண்டு தடவை வாந்தி. ஆறேழு மீன்பிடி வள்ளங்கள் வட்டமாக வளைத்துக்கொண்டு வந்தன. வீரர்கள் "ருக்கோ, ருக்கோ" என்று கத்தினார்கள். ஒரு வள்ளமும் நிற்கவில்லை. ஒருவர் எழுந்து நீளமாக எதையோ தூக்கி ஆட்டினார். எங்கள் படகில் வீரர்களின் துப்பாக்கிகள் உயர்ந்தன. மேஜர் ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க! கையில இருக்கதக் கீழ போடுங்க!"

"கிட்ட வராதிய! வலை அறுந்துரும்! பெருசா ஒரு கூட்டம் உள்ள கெடக்கு, பாறை மீனு!"

அவர் கையில் இருந்தது துடுப்பு.

சுட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்தி வாயில் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லித்தருகிற மொழி. மேஜரின் சட்டையைப் பிடித்து இழுத்து "வலை, வலை" என்று தமிழிலேயே கத்தினேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தாழ்த்தினார். துப்பாக்கிகள் இறங்கின. எங்கள் படகு பின்வாங்கியது.

முகாமில் டீ. மேஜரே ஊற்றித் தந்தார். "நீங்கள் வராமல் இருந்திருந்தால்..." என்றார்.

சனி

மேகமூட்டம். மறுபடியும் ஜீப். புது ஒலிப்பதிவு, நேற்று மாலை பேசியது.

"மைக்குல கத்துன பொம்பளை யாருலே?"

"பேச்சைப் பாத்தா பாளையங்கோட்டைக்காரி. டீச்சராம். ஆளு தெரிஞ்சு போச்சு."

"சரி, விடு. அவளப் பாத்துக்கிடுவோம்."

திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு முறை. பாத்துக்கிடுவோம். நல்லபடியாகக் கவனித்துக்கொள்வோம் என்றா? ஒரு கை பார்த்துவிடுவோம் என்றா? தெரியவில்லை. உள்ளபடியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இன்றே அந்த மீனவர் ஊருக்குள் ராணுவ வண்டிகள் போகும்.

மேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன பேசுகிறார்கள், டீச்சர்?"

"மீன் விலை" என்றேன்.