எல்லோரும் நின்ற ஐந்தாம் படி

மாட்டுத்தாவணியில் இன்று காலை நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், முன்கண்ணாடிக்குக் கீழே புதிதாகக் கட்டிய எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் எலுமிச்சை வாசம் வந்தது. உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன். எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இறங்கிப் பஸ் பிடித்து நாகமலை புதுக்கோட்டைக்குப் போகவேண்டியிருந்தது. கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் பேசவேண்டுமாம். பேசுவதெல்லாம் நீ, எழுதுவதெல்லாம் நான் என்று பிரித்துக்கொண்டவர்கள் நாம். அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டுப் போனவள் நீதான்.

டிகிரி முடித்ததும் நம் இருவருக்கும் கிடைத்த முதல் வேலை அது. மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கவேண்டும். அட்டையில் பத்துப் படிகளோடு ஓர் ஏணிப் படம். உச்சிப்படி இருப்பதிலேயே நல்ல வாழ்க்கை, அடிப்படி இருப்பதிலேயே மோசமானது. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? சொல்லும் எண்ணை டேப்லெட்டில் பதியவேண்டும். என் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்த அப்பா, கேட்பவர்களிடம் எல்லாம் "ஏதோ ஒரு வேலைக்குப் போகுது" என்று மட்டும் சொல்வார். ஆனால் தினமும் பஸ் ஏற்றிவிட வந்து, பஸ் மறையும்வரை நிற்பார்.

பரவை தாண்டி அந்தத் தெரு உனக்கு மறந்திருக்காது. ஏணியைக் காட்டியதும் ஒரு பாட்டி, "எனக்கு எதுக்குத்தா ஏணி? முட்டி வலி உசுரு போகுது" என்றார். தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அந்த வீட்டு மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்கியது. அந்த வீட்டு அக்கா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அஞ்சு போடு" என்றார்.

"ஏன்க்கா, இன்னும் மேல போடலாம்ல?" என்று நீ கேட்டாய்.

"உச்சியில போயி நின்னா ஊரு கண்ணெல்லாம் நம்ம மேலதான. அங்கின நிக்கச் சொல்றியாக்கும்?"

அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் அஞ்சுதான். ஒருவர் ஏறாதபோது அடுத்தவர் எப்படி ஏறுவார்? வாழ்ந்து கெட்ட வீட்டுக்காரர்கூடக் கீழே இறங்கவில்லை. "எங்களுக்கும் அதையே போடுங்க" என்றார்.

மறுநாள் சென்னையிலிருந்து மேலாளர் போன் செய்தார். "சில நாட்டுல ஏழு, எட்டுன்னு சொல்றாங்க. உங்க தெருவுல மட்டும் எப்படி வரிசையா அஞ்சு? மரத்தடியில உக்காந்து நீங்களே போட்டீங்களா?" நேரில் வருவதாகவும், பொய் என்று தெரிந்தால் இருவரையும் நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். பஸ் ஏற்றிவிடும் அப்பாவிடம் நாளை என்ன சொல்வேன்? நீ மட்டும், "வரட்டும்டி. அவரும் மனுசந்தான" என்றாய்.

வந்தார். புதுக் கார். நீ வணக்கம் சொன்னதுமே கேட்டாய்: "சார், அந்த ஏணியில நீங்க எம்புட்டு சார்?"

அவர் கொஞ்சம் திகைத்து, "ஆறுன்னு வச்சுக்கோயேன்" என்றார்.

"புதுக் காரு வாங்கியிருக்கீங்க. ஆறுதானா சார்?"

"அதுக்காக எல்லாத்தையும் வெளிய சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

நீ காரின் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாய். அவரும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திடீரென்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில்தான் நம் வேலை தப்பியது. அஞ்சுகள் அஞ்சாகவே இருக்கட்டும் என்றார். ஆனால் ஏன் அந்தப் படி என்று அவரவர் சொன்னதையும் கூடவே எழுதி அனுப்பச் சொன்னார். "எழுத இவ இருக்கா சார்" என்று என்னை முன்னே தள்ளினாய்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னாய்: "அந்த ஏழு, எட்டு சொல்ற நாட்டுல சிரிக்கலேன்னா என்னமோ கொறைன்னு நெனைப்பாங்க போல. நம்ம ரொம்பச் சிரிச்சாலே, அழுகப் போறோமோன்னு பயப்படுறோம். ரெண்டு பேருக்கும் ஒரே ஏணியக் காட்டுனா எப்புடி? நீ நம்பரக் கேட்டுட்டு வாசலப் பாருடி."

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உனக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும், "அந்தக் கேள்விய என்னையக் கேளு" என்றாய். முடியாது என்றேன். "கேளுடி."

கேட்டேன். "அஞ்சு போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ சொன்னபடி சுற்றிலும் பார்த்தேன். மார்க்கெட்டில் காய் விற்றுவிட்டு நேராக வந்திருந்த உன் அம்மா உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் கையில் கொத்தமல்லி வாசம். சீப்பு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அஞ்சுக்கு மேலேதான் நீ நிற்கிறாய் என்று எனக்குப் பட்டது. அப்படி இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் பட்டதோ என்னவோ. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இன்று வகுப்பில் முதலில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்தே வாசித்தேன். எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு தாளைப் பார்க்காமலே பேசினேன். உன் குரலில் கொஞ்சம் பேசினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே வந்ததும் அப்பா போன் செய்தார்.

"எப்படிப் போச்சு ஆத்தா?"

"ஏதோ போச்சுப்பா."

"சரி, சரி. பாத்து வா. நான் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்றார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. அவர் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.