பட்டை போய்ச் சேராத ஓட்டம்

அன்புள்ள மகள் ஷியோரிக்கு,

நான், உன் அம்மா, தம்பி மூவரும் நலம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. கடையில் ஊறுகாய்க்கு முள்ளங்கி வந்து குவிந்து கிடக்கிறது, அம்மா என்னைத் தேடுவதற்குள் இதை முடிக்க வேண்டும். தம்பி தக்குமாவின் தொடர் ஓட்டம் பாதியில் நின்றதை அவனே சொல்லியிருப்பான், ஆனால் பாதியைத்தான் சொல்லியிருப்பான். மூன்றாவது ஆளாக ஓடியவன் பாலம் தாண்டியதும் இடது காலை இழுக்க ஆரம்பித்தான். பயிற்சியாளர் மியாதா அம்மையார் சாலையோரமாகக் கூடவே ஓடி, போதும்டா நில்லு என்று இரண்டு முறை சொல்லியும் இவன் கேட்கவில்லை, மூன்றாவது முறை தோளில் கையை வைத்துவிட்டார். கை பட்டால் அணி முழுவதற்கும் ஓட்டம் முடிந்தது என்பது உனக்குத் தெரியாததா. அடுத்து ஓட வேண்டிய ஹயாசகா வீட்டுப் பையன், தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டிய அணிப் பட்டைக்காகக் கையை நீட்டியபடி நின்றிருந்தான். மியாதா அவனிடம் போய், மாணவன்தானே என்று பாராமல், இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

மியாதாவை அனுப்பிவிடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சங்கம் கூடியது. கிளம்ப வேண்டியவர்தான் என்று நானும் இரண்டு நாள் குதித்துக்கொண்டிருந்தேன், மறைப்பானேன். சனிக்கிழமை மருத்துவர் தம்பியின் எலும்புப் படத்தைக் காட்டி, மயிரிழை விரிசல், இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் முறிந்திருக்கும் என்றார். அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம், அன்று உன் எலும்புப் படத்திலும் விரிசல் அங்கேதான் இருந்தது. கூட்டத்தில் தலைவர் ஒகிவாரா, மூணு வருஷமா ஒரு கோப்பை இல்ல, பட்டையக்கூடக் கொண்டு சேர்க்கல, இந்தம்மா எதுக்கு என்று கேட்டு, உன் காலத்துப் பயிற்சியாளர் நுமாதா வாங்கிய ஏழு கோப்பைகளையும் வரிசையாகச் சொன்னார். நான் எழுந்து, கோப்பைய எண்ணினது போதும், கொஞ்சம் காலையும் எண்ணுவோம், நுமாதாகிட்ட ஓடின பத்தொன்பது பேர்ல இன்னைக்கும் ஓடுறவங்க ரெண்டே பேர், மியாதாகிட்ட இருந்து போன பதினாலு பேர்ல பதினொரு பேர் இன்னும் ஓடுறாங்க, நேத்து பூரா போன் போட்டுக் கேட்டுட்டேன் என்றேன். உன்னை மட்டும் போன் போடாமலே ஓடாதவர்களில் சேர்த்துக்கொண்டேன். ஊறுகாய்க் கடைக்காரருக்கு ஓட்டத்தப் பத்தி என்ன தெரியும் என்று ஒகிவாரா சிரித்தார். ஊறுகாய்த் தொட்டி மேல அழுத்துறதுக்கு எவ்வளவு கல்லு வைக்கணும்னு தெரியும், அதிகமா வச்சா சீக்கிரம் ஆகும், கூழாவும் போகும் என்றேன், மனுஷன் தேநீரை எடுத்துக் குடித்தார். வாக்கெடுப்பில் மியாதாவுக்காக முதலில் கை தூக்கியது யார் தெரியுமா, ஹயாசகாவின் அப்பா. பெரியவங்க யாரும் என்கிட்ட இப்படிக் குனிஞ்சதில்லப்பா என்று பையன் வீட்டில் சொன்னானாம். நான்கு வாக்கு வித்தியாசத்தில் மியாதா தங்கினார். தம்பி வசந்தத்தில் ஓடுவான், எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைச் சுவரில் நீ பட்டையை நீட்டும் படம் பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிறதே, அன்று மாலை அதை இறக்கித் துடைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் பட்டையைக் காட்டிய நான் உன் காலைப் பார்த்ததே இல்லை. இடது பாதம் தரையில் சரியாக ஊன்றவே இல்லை. பின்னால் வாயைத் திறந்து ஓடு ஓடு என்று கத்துகிறவன் நான். நுமாதா ஜீப்பில் இருந்தார், நான்தான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பனியில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், அந்தக் காலை நம்பாதே.

உன் அப்பா,
குவாபரா தெத்சுவோ