ஓடைப் பள்ளத்து மூன்று கன்றுகள்

போஸ்மன், மொன்டானா
8 மார்ச் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே இன்னும் பனி. அங்கே பசுக்கள் ஈனத் தொடங்கியிருக்கும்.

நம் ஓடைப் பள்ளத்து எலும்புகளைப் பற்றிப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறக்க ஆறு மாதம் ஆயிற்று. ட்ரைசெராடாப்ஸ், அதாவது மூன்று கொம்புள்ள அந்தத் தழைதின்னி டைனோசர், தனியாகவே திரிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம்முடையவை மூன்றும் சேர்ந்து வாழ்ந்த குட்டிகள் என்று காட்ட முடிந்தால், அதுவே என் மேற்படிப்புக்கு ஆய்வு. ஜூனில் அவர் வருகிறார்.

உங்கள் மகள்,
லோர்னா

ஜோர்டன், மொன்டானா
17 மார்ச்

அன்பு மகளுக்கு,

பனி உருகி ஓடை ஏறுகிறது. ஜூன்வரை கரை தாங்காது. நாலு நாள் தோண்டி எலும்பு எல்லாவற்றையும் எடுத்து, கழுவி, கொட்டகையில் வைக்கோல்மேல் வைத்துவிட்டேன். பக்கத்துப் பண்ணை வெர்னன், "என்ன டெல்மர், செத்த மாட்டுக்கெல்லாம் படுக்கை போடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். உன் வாத்தியார் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

அப்பா

போஸ்மன்
24 மார்ச்

அப்பா,

கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அவை சாட்சி. எது எதன் அருகில், தலை எந்தப் பக்கம் என்பது போய்விட்டால், மூன்றும் ஒன்றாகச் செத்தனவா, வெள்ளம் எங்கெங்கிருந்தோ அடித்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தொடாதீர்கள் என்று எழுதாதது என் தவறு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேராசிரியரிடம் வரவேண்டாம் என்று சொல்லப் போகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவருக்கு இது புரியும் என்று நான் நினைத்திருக்கக் கூடாது.

லோர்னா

ஜோர்டன்
31 மார்ச்

மகளுக்கு,

வாத்தியாரிடம் சொல்லுமுன் இத்துடன் இருக்கும் நோட்டைப் பார். கன்றுகளுக்கு நான் வைத்திருப்பது. எழுதாமல் எந்தக் கன்றையும் கொட்டகைக்குள் கொண்டுவந்ததில்லை: எங்கே கிடந்தது, தலை எந்தத் திசை, பக்கத்தில் எது, தாய் எது. கைப்பழக்கத்தில் இவற்றுக்கும் எழுதினேன். ஒவ்வொன்றிலும் கன்றுகளுக்குப் போடும் காதுப் பட்டை எண் கட்டியிருக்கிறேன். எடுத்த இடத்தில் அதே எண்ணோடு இரும்புக் கம்பி நிற்கிறது.

நோட்டில் 41, 42, 43 இவை. மூன்று தலையும் வடக்கே, இரண்டடி இடைவெளி. கொம்பு குட்டை, முற்றவில்லை. தாய் என்ற கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. ஓடை நெடுக நடந்து தேடினேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "பாவம், பெரியவங்க யாருமில்லாம சின்னதுங்க ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு கெடந்திருக்குங்க" என்றாள்.

உதவாது என்றால் நோட்டை உடனே அனுப்பு. இன்னும் முப்பது பசு ஈன வேண்டும். இப்போது கன்றுக் கணக்கைத் தீவனப் பையின் முதுகில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

போஸ்மன்
6 ஏப்ரல்

அன்புள்ள அப்பா,

நோட்டு இப்போதைக்கு வராது. பேராசிரியர் நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தார். அவருக்குத் திருப்பித் தர மனமில்லை. வேறு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

"ஜூன்ல இவர் எங்களோட தோண்ட வருவாரா?" என்று கேட்டார். தீவனப்புல் அறுப்பு நேரம், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போன கடிதத்தின் கடைசி வரியை எழுதும்போது நான் நினைத்தது உங்களை அல்ல, இங்கே என்னைப் பண்ணைக்காரன் மகள் என்று பார்ப்பவர்களை. அதை மறந்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். சனிக்கிழமை வருகிறேன். நேரில் நின்று அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
லோர்னா