விழாத காசு

இன்று காலை கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கிளிப் மெல்ல மெல்ல அமுங்கியது. நான் அமுக்கவில்லை. ஆள்காட்டி விரல் தானாகவே அதைச் செய்தது.

நீ பழக்கிவிட்ட வேலை அது.

கொட்டகலையில் மூன்று நாளாக மூட்டம். துணி எதுவும் காயவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காய்ச்சல் என்று வார்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுத்த காலம். அங்கிருந்த பிஸ்டலை மாலையானதும் பூட்டி வைத்துவிடுவார்கள். அறைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் நீ கொய்யாக் கட்டையைச் செதுக்கினாய், கைப்பிடி மாதிரி. விசை இருக்க வேண்டிய இடத்தில் துணிக் கிளிப்பை அறைந்தாய். எனக்கொன்று, உனக்கொன்று. ஹாஸ்டல் சுவரில் உன் ஸ்டிக்கர் பொட்டு. அதுதான் இலக்கு. குண்டும் இல்லை, சத்தமும் இல்லை. கையை நீட்டி, குறிபார்த்து, கிளிப்பை அமுக்க வேண்டும். அமுக்கும்போது கை ஆடுகிறதா என்று பார்க்கக் கட்டையின் மேல் ஓர் ஐந்து ரூபாய்க் காசு.

உன் காசு எப்போதும் விழும். கட்டிலுக்கடியில் உருண்டு ஓடும். நீ தரையில் படுத்துத் துழாவிக்கொண்டே சிரிப்பாய்.

என் காசு ஒருநாளும் விழுந்ததில்லை.

ஆனால் சுடும் திடலில், உண்மையான இலக்குத் தாளில், நடுவட்டத்தைத் துளைத்தது நீ. நம் பயிற்சியாளர் உன் பின்னால் வந்து நிற்பார். "ஹொந்தய், நங்கி." நல்லது தங்கச்சி. பக்கத்துத் தடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் பின்னால் வந்தால் அவருக்கு ஒரே சொல்தான். "ஆயெத்." மறுபடியும். இன்றும் யார் சிங்களத்தில் 'ஆயெத்' என்றாலும் எனக்கு முதுகு கூசுகிறது.

அணிப் பட்டியல் ஒட்டிய நாள் நினைவிருக்கிறதா? நீ அணியில். நான் மாற்று ஆள். அன்று ஊருக்கு ஒரே ரயிலில் வந்தோம். நான் கொட்டகலையில் இறங்க வேண்டும். நீ நானுஓயா போய், பஸ் பிடித்து, கந்தப்பளை.

"ஏன்டி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"ஒன்னுமில்ல."

"சொல்லு புள்ள. வட வாங்கித் தரட்டா?"

"ஒனக்குக் கை நடுங்குது. எனக்கு நடுங்கல. ஆனா நீ போற."

நீ சன்னலுக்கு வெளியே பார்த்தாய். "நடுங்கட்டும்டி. எல்லாருக்குந்தான் நடுங்குது. நடுங்கும்போதே அமுக்கிரணும். நீ காசுக்குக் காவக்காரி மாதிரி நிக்கிற. சுடுறதுக்கா நிக்கிற?"

வடை வாங்கித் தந்தாய். நான் தின்னவில்லை. பீற்றிக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

உன் சாவு வீட்டில் பயிற்சியாளர் சுவரைப் பார்த்து நின்றார். வந்தவர்கள் எல்லோரும் உன் கையைப் பற்றியே பேசினார்கள். என் அம்மாகூட. "என்னா கை அந்தப் புள்ளைக்கு." அழுதுகொண்டிருந்தபோதே எனக்குள் ஒன்று சுருக்கென்றது. எனக்காக யாராவது இப்படிச் சுவரைப் பார்த்து நிற்பார்களா? பிணத்தின் மேலும் பொறாமைப்பட முடிகிறது. அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முடிந்தும் நீ சுட்டுக்கொண்டிருந்த பழைய மாணவர் அணியில், இப்போது உன் இடத்தில் நான் நிற்கிறேன். யாரையும் வென்று வரவில்லை. நீ இல்லாததால் வந்தது. அடுத்த மாதம் அணிக்கு மறுதேர்வு. அதிலாவது இந்த இடம் என்னுடையதாக வேண்டும்.

கொய்யாக் கட்டை மழையில் வெடித்துவிட்டது. அதனால் ஒரு வாரமாகப் போனில் பயிற்சிக் கருவி தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரே கவலை.

"துப்பாக்கி மாதிரி ஒன்ன வீட்டுக்குள்ள கொண்டாராத."

"பொம்மதாம்மா."

"பொம்மன்னு செக்கிங்குக்கு வர்றவனுக்கு யாரு சொல்லுவா? நீயா, நானா?"

அம்மா பழைய காலத்தைச் சொல்கிறாள். யுத்தத்தின்போது ஆர்மிக்காரர்கள் தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக, அறை அறையாகப் புகுந்து, ஆயுதம் தேடி அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்த காலம். நான் வாதாடவில்லை. கறுப்பாக இருந்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன்.

இரண்டு மிஞ்சின. ஒன்று, கை அலைவதைப் போனில் கோடாக வரைந்து காட்டும். எவ்வளவு அசையாமல் நின்றேன் என்று சொல்லும். மற்றது பிளாஸ்டிக் பிஸ்டல். எடையும் விசையின் இறுக்கமும் உண்மையானதைப் போல. அது நின்றதைக் கணக்கில் எடுக்காது. அமுக்கும் கணத்தில் மட்டும், குறி பட்ட இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறையும்.

முதலாவதைத்தான் வாங்கப் போனேன். என் கோடு எவ்வளவு சின்னது என்று பார்க்க ஆசை. பார்த்து யாரிடம் காட்டுவது? உன்னிடம். ரயிலில் சொன்னதற்குப் பதில். பார், நான் நடுங்கவில்லை.

நடுங்கவில்லை. சுடவும் இல்லை. விசையில் விரலை வைத்துக்கொண்டு, கை முழுதாக அடங்கட்டும் என்று காத்துக் காத்து, மூச்சு முட்டியதும் வெடுக்கென்று இழுத்திருக்கிறேன். அத்தனை வருடமும். காசு வைத்தபோது விழாததற்குக் காரணம், விழும்போலத் தோன்றினால் நான் அமுக்காமலே கையை இறக்கிவிடுவதுதான்.

சிவப்புப் புள்ளியை வாங்கினேன். செம்மஞ்சள் நிறம். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இதென்னாடி, கேரட்டு மாதிரி இருக்கு."

நீ இருந்தால் அதற்குச் சிரித்தே செத்திருப்பாய்.

சுவரில் பொட்டு ஒட்டினேன். கையை நீட்டினேன். மேலே காசு வைக்கவில்லை. கை நடுங்கியது, நன்றாகவே. நடுங்கும்போதே அமுக்கினேன். பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு. மறுபடியும். ஓரத்தில். மறுபடியும்.

இப்படித்தான் உனக்கு எப்போதும் இருந்ததா? இவ்வளவு நடுக்கத்தோடா அங்கே சிரித்துக்கொண்டு நின்றாய்? உன் கை மீது இருந்த பொறாமை அப்படியே இடம் மாறி, நடுக்கத்தோடு சிரித்த அந்தச் சிரிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. குறையவில்லை.

தேர்வில் அந்த இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தினமும் கையை உயர்த்துகையில் பக்கத்தில் உன் காசு விழும் சத்தத்துக்குக் காது போகிறது. அது விழுவதில்லை.

நான் அமுக்குகிறேன்.